பித்தநாள அறுவைக்குப் பின் சிசு பராமரிப்பு

பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட சிசுவுக்கு மஞ்சள் நிறம் இரண்டு வாரத்திற்கு மேலும் மாறாது; மலம் வெளுத்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் கண்ட முறைப்படி, சிறுகுடலை ஈரலோடு நேரே இணைத்துப் பித்தநீருக்கு வழி செய்கின்றனர். இத்துடன் நோய் தீர்ந்ததென நாம் எண்ணலாகாது. பல குழந்தைகளுக்குப் பின்னாளில் மாற்று ஈரலும் தேவைப்படுகிறது.

வீடு திரும்பியபின் பெரிதும் அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்கே. குடற்கிருமிகள் புதுவழியே ஏறி ஈரலைத் தாக்கக்கூடும். பல் முளைக்கும் காய்ச்சலென்று கஷாயம் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பது இங்கே ஆபத்து. அன்றே, நள்ளிரவாயினும், அறுவைச் சீட்டுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வேளையில் வண்டிக்கு ஏற்பாடு செய்யும் பஞ்சாயத்து உறுப்பினர் ஓர் உயிரைக் காத்தவராவார்.

மலத்தின் நிறத்தை நாள்தோறும் கவனிக்க. மீண்டும் வெளுத்தால் உடனே காட்டுக. பித்தநீர் குறைந்தால் கொழுப்புச் செரியாது. ஆகவே மருத்துவர் தரும் ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துக்களை நிறுத்தலாகாது. கே குறைந்தால் இரத்தம் எளிதில் உறையாது. கீழாநெல்லியை நம்மவர் நாடுவது இயல்பே; அடைபட்ட நாளத்தை அது திறவாது.

எடை ஏறினால் மட்டும் மகிழ வேண்டாம். வயிற்றில் நீர் கட்டினாலும் எடை ஏறும். கைச் சுற்றளவையும் அங்கன்வாடியில் அளந்து குறித்துவரச் செய்க.