பகலில் தூங்கும் வாத்து

சென்னையிலிருந்து ஹௌராவுக்கு ரயிலில் போனால், கடைசியில் சாந்த்ராகாச்சி நிலையம் வரும். ஆற்றுக்கு அக்கரையில் கொல்கத்தா. நிலையத்தின் அருகே ஓர் ஏரி இருக்கிறது.

குளிர்காலத்தில் அங்கே வாத்துகள் கூட்டமாக வரும். சில, இமயமலையைத் தாண்டி வருபவை. பெரும்பாலானவை நம் நாட்டுச் சீழ்க்கைச் சிறகிகள். பறக்கும்போது சீட்டி அடிப்பது போலக் கத்தும்.

இந்த வாத்து இரவில் வயலில் இரை தேடும். பகலில் ஏரியில் தூங்கும். ராத்திரி வேலை முடித்து வந்தவரைப் போல.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. சிலர் கை தட்டுவார்கள். கல் எறிவார்கள். கூட்டமே எழும்பிப் பறக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அதன் தூக்கம் போகிறது. உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. தூர தேசத்துப் பறவை ஊர் திரும்ப, அந்தக் கொழுப்புதான் கட்டுச்சோறு. தினமும் விரட்டினால் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? பறவையே சொல்லும். தூங்கும் வாத்து கழுத்தை நீட்டித் தலையைத் தூக்குகிறதா? நாம் கிட்டே போய்விட்டோம். மெல்லப் பின்னால் வாருங்கள். நாயை அவிழ்த்து விடாதீர்கள். ஒலிபெருக்கி வேண்டாம்.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவைகள் வந்து சேரும் பருவம் அது. பிள்ளைகள் உள்ள வீட்டில் இது லேசான காரியமா? ஆனாலும் ஊரார் விடவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம்.