போதை நோயும் மருந்து கண்ட அறிஞரும்

காய்ச்சலால் வருந்துவோனைக் கண்டு இரங்குவோர் பலர். போதைக்கு அடிமையானவனைக் கண்டு இரங்குவோர் சிலரே. ‘மனத்தை அடக்க மாட்டாமல் தானே கெட்டான்’ என்று உலகம் அவனை ஒதுக்கிவிடும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருவள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறி போதைக்கு அடிமையானவனுக்கும் பொருந்தும் எனச் செயலிற் காட்டிய இருவரைப் பற்றி ஈண்டுக் காண்போம்.

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினி ஆகும். அபினியிலிருந்து மார்பைன் என்னும் வலி நீக்கும் மருந்தும், மார்பைனிலிருந்து ஹெராயினும் செய்யப்பட்டன. 1898-ஆம் ஆண்டில் ஹெராயின் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. மருந்தாக வந்த அது நாளடைவில் நஞ்சாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நியூயார்க் நகரில் இளைஞர் பலர் அதற்கு இரையாயினர்.

அந்நகரின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்னும் மருத்துவ அறிஞர் உடற்பருமன் பற்றி ஆராய்ந்து வந்தார். மேரி நிஸ்வாண்டர் அம்மையார் மனநோய் மருத்துவர். போதைக்கு அடிமையானவனை நோயாளியாகவே கருதவேண்டும் என்று 1956-இல் நூல் எழுதியவர். அந்நூலைப் படித்த டோல், அம்மையாரைத் தம்மோடு பணிபுரிய அழைத்தார். மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் மருத்துவரும் அவர்களுடன் சேர்ந்தார்.

1964-இல் அவர்கள் முதலில் இரு நோயாளிகளுக்கு மார்பைன் அளித்துப் பார்த்தனர். அளவு ஏறிக்கொண்டே சென்றது. அடுத்த மருந்து எப்போது என்பதன்றி நோயாளிகளுக்கு வேறு நினைவில்லை. பின்னர் மெதடோன் என்னும் மருந்தை அளித்தனர். வியத்தகு மாறுதல் தோன்றிற்று. ஒருவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார்; மற்றவர் விட்டுப்போன பள்ளிக் கல்வியை முடிக்க விழைந்தார்.

இதற்குக் காரணம் யாது? ஹெராயினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். தணிந்ததும் உடல் நோகும், வியர்க்கும், உறக்கம் கெடும். அத்துன்பத்தைப் போக்க மனிதன் மீண்டும் அந்நஞ்சையே நாடுவான். மெதடோனோ வாய்வழி உட்கொள்ளப்படுவது. மெல்ல வேலை செய்து ஒரு நாள் முழுதும் நிற்பது. தக்க அளவில் அதனை உண்டு வருபவருக்கு ஹெராயின் களிப்பூட்டுவதில்லை. 22 நோயாளிகளிடம் கண்ட பயனை அறிஞர் இருவரும் 1965-இல் வெளியிட்டனர்.

‘ஒரு போதைக்கு மற்றொரு போதையா?’ எனச் சிலர் எள்ளினர். அதிகாரிகள் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்தினர். டோல் அஞ்சினாரல்லர். நீரிழிவு உடையார் நாள்தோறும் இன்சுலின் கொள்வதைப் போன்றதே இதுவும் என்றார். மெதடோனும் அபினி வகையைச் சார்ந்ததே. அளவு மீறின் உயிரைப் போக்கும். ஆதலின் அதனை மருத்துவரின் மேற்பார்வையிலேயே கொடுத்தல் வேண்டும்.

அபினிப் பொருள்கள் மூளையில் பற்றிக்கொள்ளும் இடங்கள் உண்டு என்பதைக் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் என்னும் அறிஞர்கள் 1973-இல் மெய்ப்பித்தனர். போதைப் பழக்கம் மனவலிமைக் குறைவு மட்டுமன்று, மூளையைப் பற்றிய நோயும் ஆகும் என்னும் கருத்து இதனால் உறுதி பெற்றது. 2005-இல் உலக சுகாதார நிறுவனம், இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் மெதடோனைச் சேர்த்தது.

மாணவர்களே! போதையை அணுகாதிருத்தலே அறிவுடைமை, அதில் ஐயமில்லை. ஆயினும் குழியில் வீழ்ந்தவனை நோக்கி, ‘ஏன் வீழ்ந்தாய்?’ என்று கேட்டு நிற்பதனால் அவன் கரையேறுவதில்லை. குழியின் ஆழத்தை அளந்து, அதற்கேற்ற ஏணியைத் தேடிக் கொணர்ந்தவர் இவ்வறிஞர். அருளோடு கூடிய ஆராய்ச்சியே உலகிற்குப் பயன் தரும் என்பதை அவர்கள் வாழ்க்கையால் அறிவீர்களாக.