சொட்டுநீர்த் தோட்டத்தில் நீர்மானிக் கணக்கு

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். சொட்டுநீர்ப் பாசனத்தில் அப்படியல்ல. சொட்டுவான்கள் சிறிது சிறிதாக அடைபடும். மோட்டார் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி வரிசை வாழை வாடிய பிறகே குறை வெளிப்படும். நீர்மானியைப் படித்துக் குறித்து வரும் விவசாயிகள் இதை முன்கூட்டியே அறிந்து கொள்ளலாம்.

பொருத்தும் முறை

நீர்மானியை வடிகட்டிக்கு அடுத்துப் பொருத்த வேண்டும். அதன்மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் செல்லும் திசையைக் காட்ட வேண்டும். மானிக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் இருப்பது நல்லது. 2 அங்குலக் குழாய்க்கு இது முன்னே 20 அங்குலம், பின்னே 10 அங்குலம். குழாய் நிறைந்து ஓடாவிட்டால் மானி தவறாகக் காட்டும்.

முதல் நாள் கணக்கு

ஒரு தோட்டத்தில் 1,200 வாழைகள் உள்ளன என்று கொள்வோம். மரத்துக்கு இரண்டு சொட்டுவான். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். மொத்தம் மணிக்கு 9,600 லிட்டர், நிமிடத்துக்கு 160 லிட்டர். குழாய்கள் நிரம்பி அழுத்தம் நிலைத்த பின், கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் மானியில் 1,600 லிட்டர், அதாவது 1.6 கன மீட்டர் ஏற வேண்டும். அமைப்பு புதிதாக இருக்கும்போதே இதை அளந்து எழுதி வைக்க வேண்டும். பின்னால் வரும் அளவுகளையெல்லாம் இதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

நோட்டில் குறிக்க வேண்டியவை

தேதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், இரு நேரத்திலும் மானி காட்டிய எண், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தம், கிணற்று நீர்மட்டம்.

கணக்கு சொல்லும் குறைகள்

1. ஓட்டம் குறைந்து, வடிகட்டிக்குப் பின் அழுத்தம் குறையாமலோ கூடியோ இருந்தால் சொட்டுவான்கள் அடைபட்டுள்ளன. குழாய் முனைகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். உப்புப் படிவுக்கு அமிலமும், பாசிக்குப் பிளீச்சிங் பவுடரும் பயன்படும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

2. வடிகட்டிக்கு முன் அழுத்தம் கூடி, பின் குறைந்தால் வடிகட்டியைக் கழுவ வேண்டும்.

3. இரு பக்கமும் அழுத்தமும், ஓட்டமும் சேர்ந்து குறைந்தால் கிணற்று நீர்மட்டத்தையும் பம்பையும் மின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

4. ஓட்டம் கூடி அழுத்தம் குறைந்தால் எங்கோ கசிவு. எலி கடித்ததா, மண்வெட்டி பட்டதா என்று தேட வேண்டும்.

எலெக்ட்ரானிக் மானி

இவ்வகை மானிகள் பல, ஓட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகக் கம்பி வழியே பதிவுப் பெட்டிக்கு அனுப்பும். முழு அளவு மணிக்கு 20 கன மீட்டர் என அமைத்திருந்தால், 4 என்பது ஓட்டமில்லை. 12 என்பது 10 கன மீட்டர். பெட்டியிலும் அதே முழு அளவை அமைக்காவிட்டால் பதிவு முழுவதும் தவறாகும். மின்னோட்டமே வராவிட்டால் கம்பியையும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

பெட்டி பதிவு செய்தாலும் வாரம் ஒருமுறை மானியை நேரில் படித்து நோட்டோடு ஒப்பிடுவது நல்லது. நிமிடத்துக்கு 160 லிட்டர் ஓடிய இடத்தில் 144 ஆனால் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இலை வாடும்வரை காத்திராமல் அன்றே காரணத்தைத் தேட வேண்டும்.