அனுப்பிய விண்ணப்பத்தில் பிழையா?



பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வீட்டில் நகலைப் பார்த்தால் ஒரு பிழை தெரியும். "ஐயோ, எல்லாம் போச்சே!" அன்று ராத்திரி லயத்தில் யாருக்கும் தூக்கமில்லை. பயப்பட வேண்டாம். பிழைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டது: 'தெல்தோட்ட' என்று எழுதினாலும் கடிதம் தெல்தோட்டைக்கு வந்து சேரும். மறந்துவிடுங்கள்.

2. பெயர் வித்தியாசம்: 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட காலந்தொட்டு நம் பெயர்களைச் செக்ரோலில் எழுதியவர்கள் வேறு ஆட்கள். செல்வம்மா, செல்லம்மா ஆனது அப்படித்தான். இது பிள்ளையின் குற்றமல்ல. இரு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புப் பத்திரத்தைத் திருத்தப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

3. சுட்டெண், அடையாள அட்டை எண், மாவட்டம், பாடநெறி வரிசை: இவைதான் பெரிய பிழை. பெரும்பாலான பாடநெறிகளில் 55 வீதம் வரையான இடங்கள் மாவட்ட வாரியாகவே கிடைக்கின்றன. நாம் கண்டி மாவட்டம். பக்கத்து மலை நுவரெலியா. மாறிவிட்டால் உடனே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குச் சுட்டெண்ணுடன் எழுதுங்கள். நகலையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை பிழையைச் சொன்னால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த பிழையை மறைத்துவிடும். மறைத்த பிழையை யாராலும் திருத்த முடியாது.