குளிர்காலக் காயங்களும் நமது முதலுதவிப் பெட்டியும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் மலையகத்தில் பல குடும்பங்களை வீட்டையும் மரக்கறிப் பாத்திகளையும் விட்டு வெளியேற வைத்தன. அந்த மார்கழிக் குளிரைப் பலர் பாடசாலை மண்டபத்திலும் உறவினரின் லயக் காம்பராவிலும் கழித்தார்கள். இடம்பெயர்ந்த வீட்டில் கம்பளி குறைவு. அடுப்புக்குத் தனியிடம் இல்லை. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஓர் அறைக்குள். இந்த நிலையில் குளிர்காலத்தைக் காயமின்றிக் கடப்பது எப்படி என்பதே இப்பாடம்.

ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றர். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. ஆயினும் மேலைநாடுகளில் போல விரல் உறைந்து கருகும் குளிர் இங்கில்லை. நாம் முதலில் கவனிக்க வேண்டியவை, குளிரைப் போக்க நாமே மூட்டும் நெருப்பும், கொதிநீரும், விளக்கும்தான்.

1. தீக்காயம்

வெறும் போத்தலில் திரி போட்டுச் செய்யும் குப்பி விளக்கு எளிதில் சரியும். சரிந்தால் மண்ணெண்ணெய் கொட்டித் தீப்பற்றும். இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, ‘சுதீபா’ என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். அந்த விளக்கு குட்டையானது, கனமானது. மூடி திருகி இறுகும். இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. மின்சாரம் தடைப்படும்போது டோர்ச் லைட் இருந்தால் அதையே பாவியுங்கள். விளக்குத்தான் வேண்டுமென்றால் இந்தக் குணங்களைப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

சுட்டுவிட்டால் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். காயத்தை மட்டும் நனையுங்கள்; மீதி உடம்பைப் போர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் நம் குளிரில் குழந்தை விறைத்துப்போகும். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பற்பசை, எண்ணெய், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிய காயம், முகம், கை, மூட்டில் பட்ட காயம், குழந்தைக்குப் பட்ட எந்தக் காயமும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதே.

2. மூடிய அறையில் கரி நெருப்பு

இரவில் சட்டியில் தணல் வைத்து, கதவை அடைத்துப் படுப்பது பேராபத்து. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறையில் உள்ள பலருக்கு ஒன்றாகத் தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். படுக்குமுன் தணலை வெளியே கொண்டுபோய் நீரூற்றி அணைப்பதே நல்ல பழக்கம்.

3. உடல் விறைத்தல்

நனைந்து வருபவர்களும், கைக்குழந்தைகளும், முதியவர்களும் சீக்கிரம் விறைத்துப்போவார்கள். ஈர உடுப்பை மாற்றுங்கள். தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு வெற்றுடம்பாக அணைத்து மேலே கம்பளி போடுங்கள். நினைவோடு இருப்பவருக்குச் சீனி போட்ட சூடான தேத்தண்ணி கொடுக்கலாம். சாராயம் வேண்டாம். அது சூடு தருவது போலத் தோன்றும். உண்மையில் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உடம்பின் சூட்டை வெளியேற்றும். மரத்துப்போன காலை நெருப்பில் காட்டாதீர்கள், சுடுவதே தெரியாது. நீரிழிவு உள்ளவர்கள் இதில் மிகக் கவனம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் மிகுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. ஈரக் காலும் சறுக்கலும்

நாள் முழுதும் ஈரத்தில் நிற்கும் கால் வெளுத்து வெடிக்கும். மாலையில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உலர்ந்த மேசு போடுங்கள். பாசி படிந்த படிகளைச் சுரண்டிச் சாம்பல் தூவுங்கள். விழுந்து கால் வீங்கினால் ஈரத்துணி வைத்துக் கட்டி உயர்த்தி வையுங்கள். எலும்பு முறிந்ததாகச் சந்தேகம் வந்தால் இழுக்கவோ எண்ணெய் போட்டு உருவவோ வேண்டாம். துணி சுற்றிய குடையை அல்லது மூங்கிலைச் சேர்த்து, இருந்தபடியே அசையாமல் கட்டுங்கள்.

5. நமது பெட்டி

இறுக மூடும் பிஸ்கட் தகரம் ஒன்று போதும். அதில் வைக்க வேண்டியவை:

- சவர்க்காரம், கையுறை
- கட்டுத்துணிச் சுருள், பிளாஸ்டர்
- கொதிக்கவைத்து உலர்த்தி, பொலித்தீன் பையில் கட்டிய பழைய வெள்ளைத் துணி
- ஒரு மீற்றர் சதுரத் துணியைக் குறுக்கே வெட்டிய 2 முக்கோணக் கட்டுகள்
- கத்தரிக்கோல், சட்டை ஊசிகள்
- உடல்வெப்பமானி, பரசிட்டமோல்
- டோர்ச் லைட், பற்றரி
- நீரிழிவு, பிரஷர், முட்டு நோய்க்கான மருந்தில் ஒரு வாரத்துக்குரிய அளவு, கிளினிக் அட்டையின் பிரதி
- மூடியின் உட்புறத்தில் எழுதிய 1990 என்ற எண். அது இலவச சுவசெரிய அம்புலன்ஸ் சேவை.

பெட்டியைக் கதவோரம் வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவில் வெளியேற நேர்ந்தால் கையோடு எடுக்கலாம். இந்தக் காலாண்டிதழ் கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து, காலாவதியான மருந்தை மாற்றுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. நமது காம்பராவில் இரவில் எந்தெந்த இடத்தில் நெருப்பு உண்டு? எதை இன்றே இடம் மாற்றலாம்?
2. ஒரு வீட்டால் வாங்க முடியாத பொருட்களை லயத்துக்கு ஒரு பொதுப்பெட்டியாகச் சேர்க்கலாமா? யார் பொறுப்பு?
3. நமது இடத்துக்கு அம்புலன்ஸ் எதுவரை வரும்? அதுவரை நோயாளியைத் தூக்கிச் செல்லும் நால்வர் யார்?

மூன்றாம் கேள்விக்கு நான்கு பேரின் பெயரை எழுதிவிட்டுக் கலைந்து செல்லுங்கள்.