14 வயது ஆல்ட்டோவுக்கு 46,000 ரூபாய் செலவு செய்யலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2011 மாடல் மாருதி ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ இருக்கிறது. 2017-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் பள்ளிக்குப் போய்வர 20 கி.மீ., மாதம் ஒருமுறை குடும்பத்தோடு பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி. ஒரு வருடமாக டிராஃபிக்கில் நின்றால் ஹீட் முள் மேலே ஏறுகிறது. அந்த நேரத்தில் ஏசியும் வெறும் காற்றுதான். மெயின் ரோட்டில் ஓட ஆரம்பித்ததும் இரண்டும் சரியாகிவிடும். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். ஆனாலும் ஹீட் குறையவில்லை. 17 கொடுத்த மைலேஜும் 13-க்கு இறங்கிவிட்டது. இப்போது ஏசி கம்ப்ரஸர் 14,000, கிளட்ச் 7,000, ஷாக் அப்சார்பர் நான்கும் லோயர் ஆர்ம் இரண்டும் 13,000, டிங்கரிங்-பெயின்ட் 12,000 என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் ஆர்.சி.யும் முடிகிறது. "ஒரு லட்சம்கூடப் போகாத வண்டிக்கு இதெல்லாம் தண்டம், தள்ளிவிடுங்கள்" என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியர், பட்டுக்கோட்டை

பதில்: முதலில் அந்தக் கம்ப்ரஸரை நிறுத்திவையுங்கள். உங்கள் கடிதத்திலேயே நோய் என்ன என்பது இருக்கிறது. வண்டி நிற்கும்போது இன்ஜின் சூடாகிறது, ஏசியும் குளிர்வதில்லை. ஓடும்போது இரண்டும் சரியாகிறது. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்குக் காற்று கொடுப்பது முன்பக்க எலக்ட்ரிக் ஃபேன்தான். ஃபேன் மோட்டார் தேய்ந்து மெதுவாகச் சுற்றினாலும், ரிலே மக்கர் செய்தாலும், கண்டென்சர், ரேடியேட்டரின் துடுப்புகளில் தூசியும் பூச்சியும் அடைத்துக்கொண்டாலும் நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையும் சேர்ந்தே வரும். கம்ப்ரஸர் கெட்டிருந்தால் திருச்சி ரோட்டிலும் ஏசி குளிராது. அப்படியென்றால் 14,000 ரூபாய் பொருளை எதற்கு மாற்ற வேண்டும்? ஃபேன் வேலை அதில் ஒரு பங்குதான் ஆகும்.

சரிபார்க்க வழி எளிது. வீட்டு வாசலில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேன் உடனே வேகமெடுத்துச் சுற்ற வேண்டும். தயங்கித் தயங்கிச் சுற்றினாலோ, சுற்றாமலே நின்றாலோ ஆள் அகப்பட்டுவிட்டான். கையை மட்டும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். அது எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் ஊர் ஷெட்களில் நெடுங்காலமாக நடக்கும் கைவைத்தியம். "வெயில் ஊருக்கு இது எதுக்கு சார்" என்பார்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வரும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லையென்றால் ஓடும் வண்டியில் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்தே கிடக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். கூடுதலாகப் பெட்ரோலைத் தள்ளும். உங்கள் மைலேஜ் விழுந்ததில் பெரும்பங்கு இதற்குத்தான். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்மீது பழியைப் போடவும் முடியாது. பழைய கார்களில் அதனால் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது; அந்தக் கணக்கில் 17 என்பது 16-க்கு வரும், 13-க்கு வராது. ஆனால் இ20-ஐ மனதில் வைத்து, பெட்ரோல் டியூப்களில் வெடிப்போ வாடையோ இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்தான். அதைப் போடும்போதே சிஸ்டத்தைக் கழுவி, கூலன்ட் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றிய ரேடியேட்டரைத் திறந்தால் செம்மண் கரைசல் வரும். ஆயில் மூடியின் உட்பக்கத்தையும் பாருங்கள். காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு வருடமாகச் சூடேறிய இன்ஜின் என்பதால் சொல்கிறேன்.

அந்த எஸ்டிமேட்டில் இருப்பதைவிட இல்லாததுதான் எனக்குக் கவலை. உங்கள் 796 சி.சி. இன்ஜினில் ஓடுவது டைமிங் பெல்ட். ஆல்ட்டோ கே10-ல் இருப்பதுபோல் செயின் அல்ல. பார்க்க நன்றாக இருந்தாலும் வயதானால் ரப்பர் இற்றுப்போகும். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதை மாற்றிய பில் உங்களிடம் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு டென்ஷனரோடு மாற்றிவிடுங்கள். பிரேக் பற்றியும் ஒரு வரி இல்லை. பின் டிரம்களைக் கழற்றி, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் கடைசியாக வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

கிளட்ச் செலவு நியாயமானதுதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுங்கள். ஷாக் அப்சார்பர் நான்கும் ஒரே நாளில் போவது அபூர்வம். ஆயில் கசிந்திருக்கும் ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். லோயர் ஆர்மில் புஷ் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பால் ஜாயின்ட்டும் ஆடுகிறதா என்று வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பேர்ஸை டிக்கியில் போடச் சொல்லிவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆனால் இதில் எதையும் தொடங்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். கால் மிதியையும் அதன் கீழே உள்ள விரிப்பையும் தூக்கி, தரைத் தகட்டை விரலால் அழுத்துங்கள். உப்புக்காற்று வீசும் கடற்கரை உங்களுக்குத் தூரமில்லை. மேலாகப் படிந்த துரு என்றால் சுரண்டி ஆன்ட்டி ரஸ்ட் அடித்துக்கொள்ளலாம். தகடு பொருபொருவென்று உதிர்ந்தால், சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களில் ஓட்டை விழுந்திருந்தால், மைத்துனர் சொல்வதே சரி. ஒரு ரூபாய்கூடப் போடாமல் விற்றுவிடுங்கள். 12,000 ரூபாய் பெயின்ட் எந்தக் கணக்கிலும் சேராது. விற்கும்போது அதில் பாதிகூடத் திரும்பாது.

தகடு நன்றாக இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளலாம். செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடுவதில்தான் மைத்துனரின் கணக்கு இடறுகிறது. வேறு வண்டி வாங்கினால் வருடத்துக்கு என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட வேண்டும். நான்கு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 8,300. வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தொடும். நான் சொன்ன வேலைகள், நான்கு டயரும் சேர்த்தே, அதில் பாதிக்குள் முடியும். அடுத்த வருடம் இவ்வளவு ஆகாது.

ஆர்.சி. விஷயத்தில் பயம் வேண்டாம். 15 வருடமானால் பெட்ரோல் கார் ஓடக்கூடாது என்ற கெடுபிடி டெல்லி வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டுக்கு அல்ல. இங்கே வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து 5,000. பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸில் தேர்டு பார்ட்டி கட்டாயம். முழு இன்ஷூரன்ஸ் எடுப்பதாக இருந்தால், வண்டிக்கு அவர்கள் வைக்கும் மதிப்பான ஐ.டி.வி. எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இதற்கு அடுத்து வந்த ஆல்ட்டோ 800-ஐ ஏர்பேக் இல்லாமல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது (2014), பெரியவர்கள் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டுங்கள். திருச்சிக்குக் குடும்பத்தோடு போவதென்றால் பகலில், 70-க்குள், எல்லோரும் பெல்ட் போட்டுக்கொண்டு போங்கள். இரவுப் பயணம் என்றால் பஸ்தான்.

ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டினால் மாதாமாதம் கூடுதல் கட்டணம் ஏறும், நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.