சுருள்வில்லும் படிகமும்

காலத்தைச் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டிற்கு ஏற்றியது போர் எனலாம். பெரும்பாலும் பெண்களின் அணியாக இருந்த கைக்கடிகாரம், முதல் உலகப் போரில் படைவீரர்களின் கருவியாயிற்று. பதுங்குகுழியில் பையைத் துழாவ நேரமேது?

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து, 1961-ல் பெங்களூரில் இத்தொழிலைத் தொடங்கியது. அதன் 'ஜனதா' சாவி கொடுக்கும் கடிகாரம். சுருள்வில்லில் தேங்கிய ஆற்றலைப் பேலன்ஸ் சக்கரம் அளந்து விடுவிக்கும். இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றில் நொடிக்கு ஐந்து 'டிக்' ஒலி எழும்.

அழுத்தினால் மின்னேற்றம் காட்டும் படிகப் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். மின்சாரம் செலுத்தினால் படிகம் அதிரும் என்பது இதன் மறுபக்கம். இதனைக் கொண்டு ஜப்பானின் சீகோ நிறுவனம் 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று வழக்கிலுள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இவ்வெண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. மின்சுற்று இதனைப் பதினைந்து முறை பாதியாக்கினால், நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும்!

1984-ல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை நம்பி ஓசூரில் தொழிற்சாலை அமைத்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. எனினும் சாவிக் கடிகாரத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவு செய்தது.

தொழிற்சாலைகள் சூழ்ந்த எங்கள் இருங்காட்டுக்கோட்டையில், "இயந்திரம் ஓட்டத் தெரிந்தால் போதாதா, பட்டம் எதற்கு?" என்று என்னைக் கேட்போர் உண்டு. கைத்திறன் உயர்ந்ததே. ஆயினும் இயந்திரம் மாறும்போது, அதன் தத்துவம் அறிந்தவனே புதியதையும் விரைந்து கற்பான். மாணவ நண்பர்களே, நம் ஆய்வுக்கூடப் பாடங்கள் தேர்வோடு முடிவன அல்ல.